வரிக்கு வரி பின்பற்றியும் அளவு ஏன் தவறுகிறது?

கேள்வியின் சாரம் இது. கேட்டவர் ஓராண்டாக நிட்டிங்கும் (இரண்டு ஊசிப் பின்னல்) குரோஷேயும் (ஒற்றைக் கொக்கிப் பின்னல்) செய்துவருகிறார். இணையத்தில் கிடைத்த இரண்டு பேட்டர்ன்களை, அதாவது பின்னல் செய்முறைக் குறிப்புகளை, ஒரு கண்ணி கூடப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறார். ஆயினும் இரண்டு ஊசியில் பின்னிய ஸ்வெட்டரின் மார்புச் சுற்றளவு 100 செ.மீ. வருவதற்குப் பதிலாக 111 செ.மீ. வந்துவிட்டது. குரோஷேயில் போட்ட தொப்பியின் உச்சி தட்டையாக அமையாமல், பாவாடைக் கொசுவம்போல் ஓரமெங்கும் அலையலையாக எழுந்து நிற்கிறது. கண்ணிகளை மூன்று முறை எண்ணிப் பார்த்தும் எண்ணிக்கை சரியாகவே இருக்கிறதாம். தவறு பேட்டர்னிலா, தம் கையிலா என்று கேட்கிறார்.

பேட்டர்னிலும் தவறு இல்லை, எண்ணிக்கையிலும் தவறு இல்லை. பேட்டர்ன் என்பது கண்ணிகளின் எண்ணிக்கையை மட்டுமே சொல்லக்கூடியது. அந்த ஒவ்வொரு கண்ணியும் எத்தனை மில்லிமீட்டர் அகலமும் உயரமுமாக உருவாகிறது என்பதை உங்கள் கையும் நூலும் ஊசியுமே தீர்மானிக்கின்றன. இந்தக் கண்ணி அளவைத்தான் அமெரிக்கப் பேட்டர்ன்கள் கேஜ் என்றும், பிரிட்டிஷ் பேட்டர்ன்கள் டென்ஷன் என்றும் குறிப்பிடுகின்றன. பெரும்பாலோர் படிக்காமல் தாண்டிப்போகும் வரி அதுதான். உங்கள் ஸ்வெட்டர், தொப்பி ஆகிய இரண்டின் சிக்கலும், பார்வைக்கு வெவ்வேறாகத் தோன்றினாலும், இந்த ஓரிடத்திலிருந்தே கிளம்புகின்றன.

முதலில் ஸ்வெட்டர். பேட்டர்னில் 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணிகள் என்றும், உடல் பகுதிக்கு 200 கண்ணிகள் என்றும் இருந்திருக்கும் என ஊகிக்கிறேன், 100 செ.மீ. என்ற கணக்கு அப்படித்தான் வரும். உங்கள் கையில் 10 செ.மீ.க்கு 18 கண்ணிகள் மட்டுமே விழுந்திருந்தால், அதே 200 கண்ணிகள் 111 செ.மீ. ஆகிவிடும். 22 கண்ணிகள் விழுந்திருந்தால் 91 செ.மீ.க்குச் சுருங்கியிருக்கும். 10 செ.மீ.யில் இரண்டு கண்ணி என்பது கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. மடியில் கிடக்கும் துணியைப் பார்த்து எவராலும் சொல்லிவிட முடியாது. அந்தச் சிறு வேறுபாடு 200 கண்ணிகளுக்கும் சேர்ந்து பெருகும்போதுதான் ஸ்வெட்டர் இரண்டு அளவு பெரிதாகிறது. அரைக் கண்ணி பிசகினாலே, அதாவது 20க்குப் பதில் 19.5 வந்தாலே, சுற்றளவில் இரண்டரை செ.மீ. கூடிவிடும். ஆகவே ஆடையைத் தொடங்குமுன் கேஜ் பார்ப்பதற்காகப் பின்னும் மாதிரித் துண்டை அளக்கும்போது "கிட்டத்தட்ட 20" என்று மனத்தைத் தேற்றிக்கொள்வது ஆகாது. அரைக் கண்ணியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரே நூலையும் ஒரே ஊசியையும் கொடுத்தாலும் இருவர் கையில் ஒரே கேஜ் வருவதில்லை. நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிப்பவருக்கு இறுக்கமாகவும், வெறுமனே விரல்மீது ஓடவிடுபவருக்குத் தளர்வாகவும் வரும். ஊசியின் பொருள்கூட இதில் பங்கு வகிக்கிறது: மூங்கில் ஊசி நூலைச் சற்றே பற்றி நிறுத்தும், உலோக ஊசியில் நூல் வழுக்கி ஓடும். தட்டையாக முன்னும் பின்னும் திருப்பிப் பின்னும்போது ஒரு வரிசை நிட் (நேர்க் கண்ணி), மறு வரிசை பர்ல் (அதன் மறுபக்கக் கண்ணி) என்று மாறி மாறி வருகிறது. பலருக்குப் பர்ல் வரிசை நிட் வரிசையைவிடத் தளர்வாக விழும். வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னும்போதோ, முன்பக்கம் முழுவதும் நிட் கண்ணியாகவே தெரியும் ஸ்டாக்கினெட் துணிக்குப் பர்ல் வரிசையே தேவையில்லை. எனவே சுற்றாகப் பின்னப்போகும் ஸ்வெட்டருக்குத் தட்டையான மாதிரித் துண்டைப் போட்டு அளப்பது, வேறொருவர் கையை அளப்பதற்குச் சமம். குரோஷேயில் கேஜைத் தீர்மானிக்கும் கணம் இன்னும் நுட்பமானது. கொக்கியைக் கண்ணிக்குள் நுழைத்து நூலை வெளியே இழுக்கிறீர்கள் அல்லவா, அப்போது எழும் முதல் வளையத்தை எவ்வளவு உயரத்துக்குத் தூக்குகிறீர்கள் என்பதே கண்ணியின் உயரத்தை முடிவுசெய்கிறது. சிலர் அந்த வளையத்தைக் கீழ்நோக்கி இறுக்குவார்கள், சிலர் அப்படியே விட்டுவிடுவார்கள், சிலர் மேலே உயர்த்துவார்கள். ஊசியின் எண்ணை மாற்றியும் உயரம் சரியாக வரவில்லை என்றால், மாற்ற வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

மாதிரித் துண்டு போடுவதை எல்லோரும் வலியுறுத்துகிறார்கள். எப்படிப் போடுவது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. 20 கண்ணி போட்டு நான்கு விரல் உயரம் பின்னி, ஊசியிலிருந்து எடுக்காமலேயே அளந்து பார்ப்பது பயன் தராது. ஓரக் கண்ணிகள் எப்போதும் இழுபட்டிருக்கும். ஊசியில் மாட்டியிருக்கும் வரிசை ஊசியின் வடிவத்துக்கு விரிந்திருக்கும். 10 செ.மீ. அளக்க வேண்டுமென்றால் துண்டு குறைந்தது 15 செ.மீ. அகலமும் உயரமும் இருக்க வேண்டும். அளவுகோலை நடுப்பகுதியில் மட்டும் வைக்க வேண்டும். ஸ்டாக்கினெட் துண்டின் ஓரங்கள் சுருண்டுகொள்ளும், அது உங்கள் குறையன்று. மேலும் கீழும் முன்பக்கமாகவும், இரு பக்க ஓரங்கள் பின்பக்கமாகவும் சுருள்வது அந்தப் பின்னலின் இயல்பு. சுற்றிலும் நான்கைந்து கண்ணிகளுக்கு நிட் வரிசைகளாலான கார்ட்டர் பட்டை வைத்தால் துண்டு படிந்து கிடக்கும். பிறகு, முடித்த ஆடையை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அதே முறையில் துண்டையும் துவைத்து, காயவைத்து, அதன் பின்னரே அளக்க வேண்டும். பேட்டர்னில் தரப்பட்ட கேஜ் பெரும்பாலும் துவைத்து விரித்துக் காயவைத்த பிறகு எடுத்த அளவாகவே இருக்கும்.

துவைக்காமல் அளந்ததற்கு நான் ஒரு முறை தண்டம் செலுத்தியிருக்கிறேன். மெஷினில் துவைக்கலாம் என்ற குறிப்புள்ள மென்மையான உல்லன் நூலில் முன்பக்கம் திறந்த நீளமான ஸ்வெட்டர் ஒன்று பின்னினேன். பின்னி முடித்தபோது இடுப்புக்குச் சற்றுக் கீழே கச்சிதமாக நின்றது. முதல் முறை நனைத்து வாளியிலிருந்து தூக்கினேன். துணி கையோடு வராமல் நீண்டுகொண்டே வந்தது. காய்ந்த பின் தொடையைத் தாண்டித் தொங்கியது. காரணம் பின்னால்தான் விளங்கிற்று. சாதாரணக் கம்பளி இழையின் மேற்பரப்பில் மீன் செதில்போன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. அவை ஒன்றையொன்று கவ்வுவதால் துணி தன் வடிவத்தில் நிற்கிறது. அதே செதில்களால்தான் வெந்நீரில் கசக்கினால் கம்பளி இறுகிக் கெட்டிப்பட்டுப் போகிறது. சூப்பர்வாஷ் எனப்படும் நூலில் குளோரின் கொண்டு அந்தச் செதில்களை மழுக்கி, பாலிமர் பூச்சும் கொடுப்பார்கள். அதனால் துணி கெட்டிப்படாது. ஆனால் இழைகளுக்குப் பிடிமானமும் குறைந்துவிடுவதால் ஈரத்தில் தாராளமாக நீளும். இந்த வகை நூலுக்கும், எடை மிகுந்த பருத்தி நூலுக்கும், மாதிரித் துண்டைத் துவைத்ததோடு நில்லாமல், கீழ் ஓரத்தில் சில துணிக் கிளிப்புகளை மாட்டி ஓர் இரவு தொங்கவிட்டு அளப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். முழு ஆடையின் எடை தோளிலிருந்து கீழே இழுக்கும்போது என்ன ஆகும் என்பதை ஓரளவேனும் அது காட்டிக்கொடுக்கும்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சாத்தியத்தையும் சோதிக்க வேண்டும். பேட்டர்ன் ஊசியை மில்லிமீட்டரில் சொன்னதா, வெறும் எண்ணாகச் சொன்னதா? அமெரிக்க முறையில் 8ஆம் எண் ஊசி 5 மி.மீ. தடிமன் கொண்டது, பழைய பிரிட்டிஷ் முறையில் 8ஆம் எண் 4 மி.மீ. மட்டுமே. அமெரிக்க முறையில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். பழைய பிரிட்டிஷ் முறையில் எண் ஏற ஏற மெலியும். மெல்லிய லேஸ் வேலைக்கான அமெரிக்க எஃகுக் கொக்கிகளிலும் இதே தலைகீழ்க் கணக்குதான். பழைய பிரிட்டிஷ் புத்தகத்திலிருந்து யாரோ தட்டெழுதிப் போட்ட பேட்டர்னை அமெரிக்க எண்ணாக எடுத்துக்கொண்டால் 11 செ.மீ. என்ன, அதைவிடக் கூடுதலாகவும் பெருத்துவிடும். மில்லிமீட்டர் ஒன்றையே நம்புங்கள்.

நூலை மாற்றியிருந்தால் அதுவும் காரணமாகலாம். அமெரிக்காவின் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் நூல்களை 0 முதல் 7 வரை தடிமன்வாரியாக வகுத்திருக்கிறது. 3ஆம் வகையான லைட் நூலில், அதாவது பலர் டிகே என்று அழைப்பதில், ஸ்டாக்கினெட்டில் 10 செ.மீ.க்கு 21 முதல் 24 கண்ணிகளும், 4ஆம் வகையான மீடியம் நூலில் 16 முதல் 20 கண்ணிகளும் வரும் என்பது அந்த வகுப்பு. ஒரே வகைக்குள் இவ்வளவு இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். 16 கண்ணி தரும் நூலும் 20 கண்ணி தரும் நூலும் ஒரே எண்ணைச் சுமந்துகொண்டு கடையில் அருகருகே நிற்கும். ஆகவே உறையில் 4 என்று அச்சிட்டிருப்பதை மட்டும் வைத்து மாற்று நூல் தேர்ந்தெடுக்காமல், 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்பதையும் ஒப்பிட வேண்டும். மீட்டர் நெருங்கி வந்தால் தடிமனும் பெரும்பாலும் நெருங்கி வரும்; இழையின் இனமும் ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. வாங்கும் அளவையும் கிராமில் கணக்கிடாமல் மீட்டரில்தான் கணக்கிட வேண்டும்.

இதுவரை அகலத்தைப் பற்றியே பேசினேன். உயரத்தை, அதாவது 10 செ.மீ.க்கு எத்தனை வரிசை என்பதை, பலர் பொருட்படுத்துவதில்லை. "இத்தனை செ.மீ. வரும்வரை பின்னவும்" என்று சொல்லும் பேட்டர்னில் அது பெரிய குற்றமன்று. ஆனால் கழுத்திலிருந்து கீழ்நோக்கி, தோளையும் கையையும் சேர்த்துக் கண்ணி கூட்டிக்கொண்டே வரும் ஸ்வெட்டரில், வரிசையின் எண்ணிக்கையே அக்குளின் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. 10 செ.மீ.க்கு 28 வரிசை என்று எழுதப்பட்ட பேட்டர்னில் 56 வரிசை பின்னினால் ஆழம் 20 செ.மீ.; உங்கள் கையில் 32 வரிசை விழுமானால் அது 17.5 செ.மீ. ஆகச் சுருங்கி, மார்பு தளர்வாக இருந்தாலும் அக்குள் பிடிக்கும். அகலம் பொருந்தி உயரம் பொருந்தாத நிலை மிகச் சாதாரணமாக நேர்வது. அப்போது ஊசியை மாற்றாதீர்கள்; அகலத்தைக் காப்பாற்றிக்கொண்டு, கண்ணி கூட்டும் வரிசைகளுக்கு இடையே வெறும் வரிசைகளைச் சேர்த்தோ குறைத்தோ சரிக்கட்டுங்கள்.

இனி தொப்பி. இங்கேயும் சிக்கல் கண்ணியின் அளவில்தான், ஆனால் அது கண்ணியின் பெயரிலிருந்து வந்திருக்கிறது. நீங்கள் பிரிட்டிஷ் முறையில் கற்றுக்கொண்டவர், பேட்டர்ன் அமெரிக்க முறையில் எழுதப்பட்டது என்று நினைக்கிறேன். இரு முறைகளிலும் ஒரே பெயர்கள் வெவ்வேறு கண்ணிகளைக் குறிப்பதுதான் குரோஷே உலகின் தீராத தலைவலி. அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்னும் குட்டைக் கண்ணியைப் பிரிட்டிஷார் டபுள் குரோஷே என்பார்கள். அதைவிட உயரமான அமெரிக்கரின் டபுள் குரோஷே பிரிட்டிஷாருக்கு டிரெபிள். அமெரிக்கரின் டிரெபிள் பிரிட்டிஷாருக்கு டபுள் டிரெபிள். பேட்டர்ன் சொன்ன உயரமான டபுளுக்குப் பதிலாக நீங்கள் பழகிய குட்டையான டபுளைப் போட்டிருந்தால், அலை எழுவது கணக்குப்படியே நடந்ததுதான்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், பள்ளியில் படித்த வட்டத்தின் சுற்றளவு சூத்திரம் இங்கே அழகாகப் பயன்படுகிறது. நடுவிலிருந்து வெளியே வளரும் தட்டையான வட்டத்தில், ஒவ்வொரு சுற்றும் ஆரத்தை ஒரு கண்ணி உயரம் கூட்டுகிறது. ஆரம் அவ்வளவு கூடினால் சுற்றளவு அதைப்போல 6.28 மடங்கு கூட வேண்டும். கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமமாக இருந்தால், சுற்றுக்கு ஆறு கண்ணி கூட்டினால் போதும். குட்டைக் கண்ணியில் போடும் தொப்பிகள் பெரும்பாலும் ஆறு கண்ணியில் தொடங்குவது அதனால்தான். உயரம் அகலத்தைப்போல் இருமடங்கானால் சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்ட வேண்டும். உங்கள் பேட்டர்ன் உயரமான கண்ணியை மனத்தில் வைத்துச் சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்டச் சொல்லியிருக்கும். நீங்கள் குட்டைக் கண்ணியில் பன்னிரண்டு கூட்டியிருப்பீர்கள். தேவைப்பட்டதைவிட இருமடங்கு கண்ணிகள் நெருக்கியடித்தால் துணிக்குப் போக இடமில்லை. மேலும் கீழும் மடங்கி அலையாகிறது. இதற்கு நேர்மாறாக, கூட்ட வேண்டியதைவிடக் குறைவாகக் கூட்டியிருந்தால் கிண்ணம்போல் குவிந்திருக்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த டைனா தைமினா 1997இல் இந்த அலையை வேண்டுமென்றே உண்டாக்கினார். கண்ணிகளை ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போனால் ஹைப்பர்பாலிக் தளம் என்னும், எங்கும் அலையலையாக விரியும் கணித வடிவம் கையில் பிடித்துப் பார்க்கும்படி கிடைக்கிறது என்று காட்டினார். உங்கள் தொப்பி அந்த வகையில் கௌரவமான குடும்பத்தைச் சேர்ந்ததுதான், தலையில் வைக்க முடியாது என்பதைத் தவிர.

பேட்டர்ன் எந்த முறையில் எழுதப்பட்டது என்பதை எழுதியவர் சொல்லாவிட்டாலும் கண்டுபிடிக்க வழியுண்டு. சிங்கிள் குரோஷே என்ற சொல் கண்ணியின் பெயராக அடிக்கடி வந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க முறை. ஒரு கண்ணியைத் தாண்டுவதற்கு ஸ்கிப் என்று எழுதுபவர் அமெரிக்கர், மிஸ் என்று எழுதுபவர் பிரிட்டிஷார். இவற்றைவிட உறுதியான தடயம், சுற்றின் தொடக்கத்தில் உயரம் எட்டுவதற்காகப் போடச் சொல்லும் சங்கிலிக் கண்ணி. ஒரு சங்கிலி போடச் சொன்னால் வருவது குட்டைக் கண்ணி. மூன்று சங்கிலி போட்டு அதை முதல் கண்ணியாக எண்ணச் சொன்னால், பெயர் எதுவாக இருந்தாலும், வருவது அமெரிக்கரின் டபுள், பிரிட்டிஷாரின் டிரெபிள். உங்கள் தொப்பி மூன்று சங்கிலியில் தொடங்கியதா என்று பாருங்கள். ஆம் எனில் என் ஊகம் உறுதியாகிவிடும். ஜப்பானியப் பேட்டர்ன்களைப்போலக் குறியீட்டுப் படத்துடன் வருபவற்றில் இந்தத் தொல்லை அறவே இல்லை. கண்ணியைக் குறிக்கும் குறியீட்டின் தண்டின் குறுக்கே ஒரு கோடு இருந்தால் கொக்கியில் நூலை ஒரு முறை சுற்ற வேண்டும், இரண்டு கோடு இருந்தால் இரண்டு முறை. படம் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். குரோஷே செய்பவர் எல்லோரும் அதைக் கற்றுவிட வேண்டும் என்பது என் கருத்து.

கேஜ் பொருந்தாதபோது வழக்கமான பரிகாரம் ஊசியை மாற்றுவது. கண்ணிகள் குறைவாக விழுந்தால் கால் அல்லது அரை மி.மீ. மெல்லிய ஊசிக்கும், கூடுதலாக விழுந்தால் தடித்த ஊசிக்கும் போகலாம். ஆனால் அப்படிப் பொருத்தியபின் துணியைக் கையில் எடுத்துத் தொட்டுப் பாருங்கள். எண்ணிக்கைக்காக மெல்லிய ஊசிக்குப் போய்ப் போய், அட்டைபோல் விறைத்த துணியைப் பெற்றவர்கள் உண்டு. உங்களுக்குப் பிடித்த துணி 18 கண்ணியில்தான் கிடைக்கிறது என்றால், அதையே வைத்துக்கொண்டு பேட்டர்னில் வேறு அளவுக்குப் போவது புத்திசாலித்தனம். 18 கண்ணி கேஜில் 100 செ.மீ. வேண்டுமானால் 180 கண்ணி தேவை. அடைப்புக்குறிக்குள் வரிசையாகத் தந்திருக்கும் அளவுகளில் எது 180க்கு அருகே இருக்கிறதோ, அந்த அளவின் எண்களைப் பின்பற்றலாம். நீளங்களை மட்டும் உங்கள் உடலுக்கேற்ப அளந்து பின்ன வேண்டும். இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினால் நிட்டிங் ஆசிரியர் எலிசபெத் ஸிம்மர்மன் பரப்பிய சதவீத முறை இருக்கிறது. ஒரு செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்ற உங்கள் கேஜை ஆடையின் மார்புச் சுற்றளவால் பெருக்கிக் கிடைக்கும் எண்ணை 100 சதவீதமாக வைத்துக்கொண்டால், மணிக்கட்டுக்கு 20, மேல்கைக்கு ஏறக்குறைய 33, கழுத்துக்கு 40 சதவீதம் என்பது அவர் கணக்கு. 180 கண்ணி உடலுக்கு மணிக்கட்டில் 36, மேல்கையில் 60, கழுத்தில் 72. பேட்டர்னே இல்லாமல் ஸ்வெட்டர் பின்னுபவர்களின் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஒரு சிறு எச்சரிக்கை: 100 செ.மீ. என்பது உங்கள் மார்பின் அளவா, ஆடையின் அளவா என்பதையும் பேட்டர்னில் சரிபாருங்கள். ஸ்வெட்டருக்கு உடலைவிட 5 முதல் 10 செ.மீ. கூடுதல் விடுவதும், காலுறைக்குப் பாதத்தைவிடச் சற்றுக் குறைத்துப் பின்னுவதும் வழக்கம். எழுதியவர் ஏற்கெனவே சேர்த்துவிட்ட தளர்வின்மேல் நீங்களும் தளர்வைச் சேர்த்து ஓர் அளவு பெரிதாகத் தேர்ந்திருந்தால், கேஜ் சரியாக இருந்தும் ஆடை தொளதொளக்கும்.

தொப்பியைத் தயங்காமல் பிரித்துவிடுங்கள். குரோஷேயில் கடைசிக் கண்ணியை இழுத்தால் முழுவதும் வந்துவிடும். ஸ்வெட்டரைப் பிரிப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது எவரும் பின்னத் துணியாத அளவுக்குப் பெரிய மாதிரித் துண்டு. அதைத் துவைத்துக் காயவைத்து, முதுகின் நடுவே 20 செ.மீ.க்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று மூன்று இடங்களில் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஊசியின் மில்லிமீட்டரையும், நூலின் பெயரையும், எத்தனை கிராம் செலவாயிற்று என்பதையும் அருகில் எழுதிவையுங்கள். பிறகு தையல் இருந்தால் அதை முதலில் அவிழ்த்து, கண்ணியை முடித்த ஓரத்திலிருந்து பிரியுங்கள். தொடங்கிய ஓரத்திலிருந்து பிரிக்க முயன்றால் ஒவ்வொரு வரிசையின் முனையிலும் சிக்கிக்கொள்ளும். பிரியும் நூல் நெளிநெளியாக இருக்கும். அதை நேராக உருண்டையாகச் சுற்றிவிடாமல், நாற்காலியின் முதுகில் பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் கசக்காமல் ஊறவிட்டு, பிழியாமல் துவாலையில் ஒற்றித் தொங்கவிடுங்கள். கம்பளி நூலாக இருந்தால் காயும்போதே நெளிவு பெரும்பாலும் போய்விடும். நெளிவோடு பின்னினால் புதிய மாதிரித் துண்டின் கேஜும் பொய்யாகவே வரும்.